சிற்றாற்றில் கிடைத்த மூன்றாவது சிப்பி

"தாங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய மூன்று சிப்பிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன" என்று தொடங்கும் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேதி 11-8-1959. எழுதியவர் கடற்கரை ஊர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆசிரியர். பெறுநர் என் பெரியப்பா. உறையின் பின்பக்கம் தென்காசித் தபால் முத்திரை 13-8-1959 என்று மை கலையாமல் விழுந்திருக்கிறது. இப்படி ஒரு கடிதம் வந்தது என்பதே எனக்கு இருபத்தாறு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் வரியில் வரும் 'மூன்று' என்பதில்தான் என் சிக்கல் எல்லாம். அந்தச் சிப்பிகளில் இரண்டை ஆற்றில் விட்டவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கொல்லம் பாதையில் ரயில்வே வேலை, வருடத்துக்கொரு ஸ்டேஷன். என் படிப்புக் கெடக் கூடாதென்று தென்காசியில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் நாளிலிருந்தே எங்கள் வட்டாரத்தின் சரித்திரம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அதன் முதல் அத்தியாயத்துக்குக் 'கடல் இருந்த காலம்' என்று பெயர். ஒரு காலத்தில் குற்றால மலையின் அடிவாரம் வரை கடல் இருந்தது, பிறகு வடிந்து போனது என்பது அவர் கட்சி. பதினெட்டு வருடமாக அதற்கு ஒரு சான்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அடுத்த அத்தியாயங்கள் எல்லாம் வளர்ந்துகொண்டே போக, முதல் அத்தியாயம் மட்டும் நாலரைப் பக்கத்தில் நின்றிருந்தது.

பெரியம்மாவுக்கு இந்தக் கடல் விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. சாப்பாடு பரிமாறும்போதுதான் அதைப் பற்றிப் பேசுவாள்.

"கடல் இங்கன வரைக்கும் வந்துச்சாம். வந்த கடல் உப்பக் கொஞ்சம் வச்சிட்டுப் போயிருந்தா, நான் கடைக்கு ஆள் அனுப்பாண்டாம்லா."

பெரியப்பா ரசத்துக்குக் கையை நீட்டுவார்.

அந்த வருடம் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தோம். கூட்டத்தில் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது ஈர மணலில் எனக்கு ஒரு சிப்பி கிடைத்தது. வாய் லேசாகத் திறந்து, இரண்டு ஓடும் ஒட்டியபடியே இருந்தது. முதுகில் விசிறி மடிப்பைப் போல வரிகள். ஒவ்வொரு வரியிலும் சின்னச் சின்னப் புடைப்பு. ஓர் ஓட்டின் மேட்டுக்குப் பக்கத்தில், நகை செய்யும் தட்டான் துளை போட்டது போல உருண்டையாக ஓர் ஓட்டை. கடலிலிருந்து எடுத்த எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பெரியம்மா ரயிலேறும்போதே சொல்லியிருந்தாள். நான் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்தேன். நான்காம் நாளே வாடை கிளம்பிவிட்டது. ஓடுகளுக்கு நடுவில் காய்ந்த சதை கொஞ்சம் இருந்திருக்கிறது. எங்கள் வீடு சைவம். பெரியம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

"என்ன எழவோ தெரியல, வீட்டுக்குள்ள கருவாட்டு வாடை அடிக்கு. ஏட்டி, அந்தச் சனியன் பிடிச்ச பூனை எதையும் கொண்டாந்து போட்டுருக்கான்னு கட்டிலுக்கு அடியில பாரு."

நான் கட்டிலுக்கு அடியில் நெடுநேரம் பார்த்தேன். பிறகு சிப்பியைப் பிரித்து, புறவாசலில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பிரிக்கும்போதுதான் உள்ளே கவனித்தேன். இரண்டு ஓடும் சேரும் இடம் நேர்கோடாக இருந்தது. அந்தக் கோடு முழுக்கப் பேன் சீப்பைப் போலப் பொடிப் பொடியாய்ப் பற்கள். சேர்த்து வைத்தால் ஒன்றின் பல் மற்றதன் இடுக்கில் போய் உட்கார்ந்தது. சாம்பலுக்கும் வாடை முழுதாகப் போகவில்லை. அருவித் தண்ணீருக்குப் போகும் என்று நினைத்தேன்.

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சாரல் மாதங்களில் பெரியப்பா தினமும் முதல் பஸ்ஸில் குற்றாலம் போய்க் குளித்து வருவார். ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப் போவார். (இந்தத் தேதிகளை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. பெரியப்பாவின் நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது.) பேரருவியில் பெண்கள் பக்கம் நின்று, கைக்கு ஒன்றாகச் சிப்பி ஓடுகளைத் தண்ணீருக்கு நீட்டினேன். அருவி தலையில் விழுந்த வேகத்தில் வலது கையில் இருந்தது போய்விட்டது. அழுதுகொண்டே வெளியே வந்தேன். தண்ணீர் வேகத்துக்குப் பயந்துவிட்டேன் என்று பெரியப்பா ஒரு முறுக்கு வாங்கித் தந்தார்.

அடுத்த ஞாயிறு, ஜூலை 5. குளித்து முடித்து, அருவித் தண்ணீர் சிற்றாறாக இறங்கும் இடத்தில் பெரியப்பா துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். திடீரென்று குனிந்தார். நிமிரும்போது அவர் கையில் ஒன்று இருந்தது. நான் அருகில் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. துளை போட்ட ஓடு.

"ஏ பிள்ள, இது என்னன்னு பாரு. கடல் சிப்பி! மலைக்குக் கீழ, ஆத்துச் சரளைக்குள்ள கெடக்கு!"

நான் சொல்லியிருக்க வேண்டும். 'பெரியப்பா, அது என்னுது' என்ற சொற்கள் வாய்வரை வந்தன. சொன்னால் திருச்செந்தூரில் பெரியம்மா பேச்சை மீறியதும், கருவாட்டு வாடையும், பூனைமேல் விழுந்த பழியும் சேர்ந்து வெளியே வரும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். ஈர வேட்டியைக் காயப்போட வேண்டும் என்பதும் அவருக்கு மறந்து போயிருந்தது.

அன்று மாலை எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் வந்தார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியப்பாவுக்கு இருந்த ஒரே வாசகர். நாலரைப் பக்கத்தையும் பலமுறை கேட்டிருக்கிறார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வெள்ளம்னு பாத்தா அது எங்க நோவா காலத்து வெள்ளமாத்தான் இருக்கும். அதுல உங்க ஆளுகளுக்குப் பங்கு கெடையாது, பாத்துக்கிடுங்க."

"எந்த வெள்ளமா இருந்தா என்ன சார்? கடல் வந்திருக்கு. இந்த ஓட்டையப் பாத்தீங்களா? அந்தக் காலத்து மனுஷன் மாலையாக் கோத்துப் போட்டிருக்கான்."

"கோத்தவன் நூலக் காணுமே?"

பெரியம்மா உள்ளேயிருந்து, "நூலு அடுத்த வாரம் கெடைக்கும்" என்றாள்.

ஹெட்மாஸ்டர் சிரித்தார். ஆனால் அவர் நியாயமானவர். ஒரு சிப்பியை எந்த யாத்திரைக்காரனும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றார். குற்றாலத்துக்குத் திருச்செந்தூரிலிருந்தும் ஆள் வரும், கொல்லத்திலிருந்தும் ஆள் வரும். "ஒண்ணு போதாது அண்ணாச்சி. மூணு கெடைக்கட்டும். மூணு கெடைச்சா அனுப்புததுக்கு எனக்கு ஒரு காலேஜ்காரரைத் தெரியும். அவர் சொல்லிட்டா நான் தலையாட்டுதேன்."

அன்றிலிருந்து பெரியப்பா குளிக்கப் போவது தேடப் போவதாக மாறியது. பிரம்பால் சரளையைக் கிளறிக்கொண்டே ஆற்றோரம் நடப்பார். எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் முதலில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்துக் கூடவே தேடினார்கள். விஷயம் தெரிந்ததும் விலகிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தினமும், "என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது கடலு கெடச்சுதா?" என்று கேட்பார். பெரியப்பா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை; இன்னும் இல்லை என்று விவரமாகப் பதில் சொல்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரத்தில் அவர் முதுகு வலிக்குப் பெரியம்மா தைலம் தேய்க்கும்படி ஆயிற்று. திட்டிக்கொண்டேதான் தேய்த்தாள்.

என்னிடம் இன்னொரு ஓடு இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன். முதல் ஓடு கிடைத்த இடத்துக்கு நாற்பதடி கீழே, இரண்டு உருண்டைக் கல்லுக்கு நடுவில், பாதி மணலில் புதையும்படி வைத்தேன். பிறகு தூரமாகப் போய்ப் பாறையில் உட்கார்ந்து முடியை உலர்த்தினேன். அவர் அந்த இடத்தை ஒரு தரம் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது பிரம்பு நுனி அதில் பட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் விசேஷம் போல இருந்தது. பெரியப்பா இரண்டு ஓடுகளையும் பஞ்சில் வைத்து, தாளில் வரைந்து, வரிகளை எண்ணினார். இரண்டிலும் பத்தொன்பது வரி. ஒரே காலத்துக் கடல் என்பதற்கு அதுவே அடையாளம் என்று எழுதிக்கொண்டார். பிள்ளைப்பேறு இல்லாத அந்த வீட்டில் அவர் பாடிக்கொண்டு முகம் கழுவியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் இளகவில்லை. "நான் மூணுன்னுதான சொன்னேன்?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"ஒண்ணு, அண்ணாச்சி."

எனக்கு அந்த மனிதரை அறவே பிடிக்காமல் போயிற்று. என்னிடம் இனிமேல் ஓடு இல்லை. கடல் ஐம்பது அறுபது மைல் தள்ளி இருந்தது. ஜூலை 26 வீணாகப் போயிற்று. அன்று பெரியப்பாவும் நானும் திரும்ப பஸ் ஏறினோம். செங்கோட்டையிலிருந்து வந்த பஸ், கூட்டம். எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வளைவில் அவர் பிரம்பு விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தபோது அதை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரியாதவர் போலப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு. அன்று பெரியம்மாவும் வந்தாள். முழங்காலுக்கு அருவித் தண்ணீர் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். ஹெட்மாஸ்டரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். தண்ணீர் தலையில் விழுந்தாலே ஜலதோஷம் பிடிக்கும் என்பவர். பெரியப்பாவுக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார். குளித்தபின் எல்லோரும் ஆற்றோரம் நடந்தோம். ஹெட்மாஸ்டர் செருப்பு வார் அறுந்துவிட்டதென்று ஓரிடத்தில் நின்றார். பெரியம்மா, "ஏட்டி, அங்கன போயி ஈரத் துணியக் காயப் போடு" என்று என்னை விரட்டிவிட்டுக் கால் கழுவப் போனாள். நான் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா கூப்பிட்ட சத்தம் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"மூணு! சார், மூணு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். அது வேறு மாதிரி ஓடு. என்னுடையதைவிட நீளம், வரிகள் நெருக்கம், விளிம்பில் பழுப்பாய்ப் பூனை ரோமம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அதே நேர்கோடு, அதே பொடிப் பற்கள்.

அந்தக் கணம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதை நான் போடவில்லை. ஆகவே அது உண்மையான சிப்பி. ஆகவே கடல் உண்மையாகவே வந்திருக்கிறது. நான் செய்தது பொய்யே அல்ல. வரப்போகிற உண்மைக்கு இரண்டு படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்று வீட்டில் எல்லோரையும்விடக் கடலை அதிகமாக நம்பியவள் நான். அந்தக் காலாண்டுப் பரீட்சையில் 'குற்றாலம் பற்றி எழுதுக' என்ற கேள்விக்கு, அது ஒரு பழைய கடற்கரை என்று எழுதி, பத்துக்கு இரண்டு வாங்கினேன். ஆசிரியை மேல்தான் எனக்குப் பரிதாபம் வந்தது.

ஹெட்மாஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆகஸ்ட் 4 அன்று மூன்று ஓடுகளையும் பஞ்சுப் பொதியில் வைத்து, கிடைத்த இடம், நாள் எல்லாம் எழுதிப் பெரியப்பா அனுப்பினார். அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் ஞாயிறு தவறாமல் கேட்பார்.

"பதில் வந்துட்டா, அண்ணாச்சி?"

"எங்க சார்? காலேஜ்காரங்களுக்கு ஆயிரம் சோலி."

செப்டம்பரில் சாரல் ஓய்ந்தது. தேடுவதும் நின்றது. பதில் வரவே இல்லை என்றுதான் நான் பெரியவளாகும் வரை நம்பியிருந்தேன். ஹெட்மாஸ்டர் இறந்தது 1964இல், பெரியப்பா 1968இல். 1985இல் பெரியம்மாவும் போன பிறகு, பெரியப்பாவின் கையெழுத்துக் கட்டுகள் என் பொறுப்புக்கு வந்தன. அவற்றில் ஒன்றில், பஞ்சுக்குள் மூன்று ஓடுகளும் இந்தக் கடிதமும் இருந்தன.

கல்லூரி ஆசிரியர் நிதானமாக எழுதியிருக்கிறார். இவை ஆங்கிலத்தில் 'ஆர்க்' எனப்படும் வகைச் சிப்பிகள். ஓடுகள் கூடும் இடம் நேர்கோடாக இருப்பதும், அக்கோடு நெடுகச் சீப்புப் போலப் பற்கள் வரிசையாக இருப்பதுமே இவ்வகைக்கு அடையாளம். நம் கடற்கரை மணலில் எங்கும் கிடைப்பவை. ('ஆர்க்' என்றால் பேழை. இந்தச் சிப்பிக்கே நோவாவின் பேழைப் பெயர்தான் என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்திருந்தால் ஒரு மாதம் பேசியிருப்பார்.) முதல் ஓட்டில் உள்ள துளை மனிதர் போட்டதல்ல, சிப்பியைத் தின்னும் கடல் நத்தை இட்டது. மூன்றும் கல்லாகிப் போன பழைய ஓடுகள் அல்ல. கடலை விட்டு வந்து அதிக நாள் ஆகாதவை. பிறகு இந்த வரிகள்:

"முதலிரண்டும் ஒரே சிப்பியின் இடது, வலது ஓடுகள். பற்கள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. பதினான்கு நாள் இடைவெளியில் நாற்பதடி தள்ளி இவை கிடைத்ததற்குத் தாங்களே காரணம் ஊகிக்கலாம். மூன்றாவது இவ்வகையிலேயே வேறு இனம். அதன் பற்களுக்கிடையில் சிவந்த கறை ஒன்று ஏறியுள்ளது. இது கடலில் ஏறியதல்ல."

ஆகஸ்ட் 13ஆம் தேதி நாட்குறிப்பில் பெரியப்பா எழுதியிருப்பது இவ்வளவே: "மழை இல்லை. தபால் ஒன்று." அதே தேதியிட்டு, முதல் அத்தியாயத்தின் நாலரைப் பக்கத்தின் மேலும் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'சான்று இல்லை' என்று எழுதியிருக்கிறார். சரித்திரத்தில் அவர் பொய்யை வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நாட்குறிப்பு அத்தோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 16, 23, 30, செப்டம்பர் 6. நான்கு ஞாயிறுகளிலும் ஒரே வாசகம்: "குழந்தையோடு ஆற்றோரம் தேடினோம். கிடைக்கவில்லை." அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பிரம்பால் சரளையைக் கிளறுவார். இடையிடையே நின்று, "ஏ பிள்ள, அந்தக் கல்லுக்குப் பின்னால பாத்தியா?" என்று கேட்பார். நான் ஓடிப் போய் உண்மையாகவே பார்ப்பேன். நான்காவது சிப்பி கிடைக்கும் என்று நான் நம்பினேன். பெரியம்மாவும் முழங்காலுக்காக வந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் உப்பைப் பற்றி அவள் பேசவில்லை. பஸ் ஏறும் முன் பெரியப்பா எனக்கு முறுக்கும் அவளுக்கு வெற்றிலையும் வாங்குவார். எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு மனிதர் அப்படிக் குனிந்து தேட முடியும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஓட்டை இப்போது பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முப்பத்திரண்டு வரிகள். கறை இன்னும் இருக்கிறது. வெற்றிலைக் காவியின் நிறம். பெரியப்பா வெற்றிலை போட மாட்டார். ஹெட்மாஸ்டர் போடுவார், அவர் மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார். பெரியம்மாவும் போடுவாள், திருச்செந்தூர்க் கடற்கரையில் என்னைத் தேடிக்கொண்டு எனக்குப் பின்னால் அவள் தனியாக நடந்து வந்தாள். அவளுடைய சுருக்குப் பையில் என்னவெல்லாம் இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

முதலிரண்டையும் போட்டவள் நான். மூன்றாவதை ஆற்றில் போட்டவர் இன்னாரென்று உறுதி செய்ய என்னிடம் ஆதாரம் இல்லை. கேட்டறியவும் இனி ஆள் இல்லை.